எமனை மேடை ஏற்றினால் போதுமா?

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் எமதர்மனுக்கு வேலை வந்துவிடும். நகரத்தின் பெரிய சிக்னலில் வளைந்த மீசை, அட்டைக் கிரீடம், தெர்மகோல் கதாயுதம் சகிதமாக ஒரு நாட்டுப்புறக் கலைஞரை நிறுத்துவார்கள். கையில் பாசக்கயிறு இருக்கும். பக்கத்தில் பேரேட்டோடு சித்திரகுப்தன். தலைக்கவசம் இல்லாமல் வருபவரை மறித்து, கணக்கு முடிந்துவிட்டது என்று எமன் கர்ஜிப்பார். சிவப்பு விளக்குக்காக நிற்பவர்கள் சிரிப்பார்கள், செல்பேசியில் படம் பிடிப்பார்கள். அதிகாரி ஒருவர் துண்டுப் பிரசுரமும் மிட்டாயும் கொடுப்பார். பச்சை விழுந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் நாளிதழில் எமன் படம் வரும்.

கலைஞரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வெயிலில் அந்த வேஷத்தோடு நிற்பது லேசான காரியமல்ல. குறை நாடகத்தில் இருக்கிறது. அந்தச் சிக்னலில் குற்றவாளி ஒரே ஒருவர்தான், வண்டி ஓட்டுபவர். தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளத்தைப் பற்றி எமன் வாய் திறக்கமாட்டார். எரியாத தெருவிளக்குக்குச் சித்திரகுப்தனின் பேரேட்டில் ஒரு வரி இருக்காது. எமனுக்கு அன்றைய கூலியைக் கொடுப்பது யார் என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

சமூக நாடகம் என்ற பெயரில் நம் ஊர்களில் இன்று நடப்பதில் பெரும்பகுதி இந்த எமன் வகையறாதான். டெங்கு என்றால் ஆளுயரக் கொசு வரும், பிளாஸ்டிக் என்றால் மஞ்சள் பை மாட்டிய மனிதர் வருவார், குடி என்றால் தள்ளாடும் கணவனும் தலையில் அடித்துக்கொள்ளும் மனைவியும் வருவார்கள். இவை பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு நடக்கும். அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? பெண்கள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போயிருப்பார்கள். ஆண்களும் வேலைவெட்டிக்குப் போயிருப்பார்கள். ஆகவே பக்கத்துப் பள்ளியிலிருந்து சீருடைப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து உட்கார வைத்து, குடியின் தீமையை அவர்களுக்குச் சொல்வார்கள். பின்னால் பேனர், முன்னால் புகைப்படக்காரர். இத்தனை நிகழ்ச்சி, இத்தனை பார்வையாளர் என்று அறிக்கை மேலே போகும். இதற்குச் செலவாகும் பணத்தைவிட, நாடகம் என்றால் இதுதான் என்று ஊர் நம்பத் தொடங்குவதே எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

ஏனென்றால் நாடகம் உண்மையிலேயே ஊரை அசைத்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்புதான்.

1980-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கலாஜாதா என்ற வடிவத்தைத் தொடங்கி வைத்தது. பாட்டும் சிறு நாடகங்களுமாக ஊர் ஊராகப் போகிற கலைப்பயணம் அது. 1990-ன் இறுதியில் பாரத் கியான் விக்யான் ஜாதாவாக அது நாடு முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம். அதன் கலைக்குழு என்றால் பத்துப் பதினைந்து பேர், ஒரே நிற ஜிப்பா, ஒரு பறை, ஒரு டோலக். மைக் கிடையாது. தெருமுனையில் பறை அடித்துக் கூட்டம் சேர்ப்பார்கள். கூட்டமே வட்டமாகி, அதன் நடுதான் மேடையாகும். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துண்டு இருக்கும். மொத்த ஒப்பனைப் பெட்டியும் அதுதான். தலையில் கட்டினால் மேஸ்திரி, இடுப்பில் இறுக்கினால் கூலியாள், மடித்துத் தோளில் போட்டால் பண்ணையார், சுருட்டிக் கையில் ஏந்தினால் கைக்குழந்தை. இருபது நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும். சாப்பாடு ஊர் வீடுகளில். அடுத்த ஊருக்குப் புறப்படுவதற்குள், யார் யார் வீட்டில் படிக்காதவர்கள் இருக்கிறார்கள், யார் சொல்லிக்கொடுக்க முன்வருகிறார்கள் என்ற பேச்சு அங்கே தொடங்கியிருக்கும்.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமானது. கலைக்குழு போன மறுவாரம் ஊரில் ஒரு வகுப்பு இருந்தது. அரிக்கேன் விளக்கு, பாடப் புத்தகம், பக்கத்துத் தெருவைச் சேர்ந்த இளம்பெண்ணோ பையனோ ஒரு தொண்டர். நாடகம் பார்த்து மனம் மாறியவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய இயக்கம், கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து என்பதோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதற்கென்று பாட்டே கட்டினார்கள். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கல்குவாரிகளில் கூலிக்குக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிக் குத்தகையே கிடைத்தது. எழுத்தறிவு என்று ஆரம்பித்த பேச்சு கூலிக்கும் குத்தகைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பக்கத்து மாநிலத்தில் அது இன்னும் தூரம் போனது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் இதே காலத்தில் எழுத்தறிவு இயக்கமும் கலாஜாதாவும் நடந்தன. பாடநூலில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒன்று இருந்தது. குடியால் சீரழிந்த குடும்பத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடவைக்கும் கதை. தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் அதைப் படித்துவிட்டு, 1992-ல் தங்கள் ஊர்க் கடையை உண்மையிலேயே மூடினார்கள். அந்தத் தீ மாவட்டம் முழுக்கப் பற்றியது. சாராய ஏலம் நடத்த முடியாமல் அதிகாரிகள் தேதி தேதியாகத் தள்ளிப்போட்டார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அது தளர்ந்தது வேறு கதை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள் ஓர் அரசின் வருமானத்திலேயே கை வைத்தார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

குடி கெடுதல் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடிவாங்கிய உடம்புக்கு அது தெரியும். தெரியாமல் இருந்தது வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரியும் இதையேதான் நினைக்கிறாள், ஒருத்தி எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள் என்பது. நாடக வட்டத்தின் நடுவே ஒருத்தி கடையை மூடச் சொல்லிக் கத்தும்போது, எதிர்வரிசையில் யார் கண்ணைத் துடைக்கிறாள், யார் தலையாட்டுகிறாள் என்று எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். கையில் ரீல்ஸ் ஓடும் காலத்தில் தெருநாடகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். காணொளியை லட்சம் பேர் பார்க்கலாம், ஆனால் லட்சம் பேரும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். பார்த்தவருக்குத் தன் தெருவில் வேறு யார் பார்த்தார்கள் என்றுகூடத் தெரியாது.

தருமபுரியை இங்கே சொல்லாமல் போக முடியாது. பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1990-களின் பிற்பகுதியில் அந்த மாவட்டத்தில் பெரிய அளவில் கலைப்பயணம் நடந்தது. டென்மார்க் நிதியுதவியில் நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதி அது. அறிவொளியின் அனுபவம் அதற்குக் கைகொடுத்தது, அதே ஷீலா ராணி சுங்கத் அதிலும் இருந்தார். பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அவரும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் என்று 2001 கணக்கெடுப்பில் இருந்த தருமபுரி, 2011-ல் 910-ஐத் தாண்டியது. இந்த ஏற்றம் முழுவதையும் நாடகத்தின் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு. தொட்டில் குழந்தைத் திட்டம், கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதித்த சட்டம், வீடு வீடாகப் போன கிராம சுகாதாரச் செவிலியர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை ஊர் நடுவில் பேசும் பொருளாக்கியது அந்தக் கலைக்குழுக்கள்தான். அ. மங்கை இயக்கிய ‘பச்சமண்ணு’ நாடகமும் இதே பேசாப்பொருளைத்தான் எடுத்துக்கொண்டது.

அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் வேண்டாம். சைக்கிள் பெண்களின் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் நடந்தது. தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை. விசாரணைக்குப் போன ஆட்சியர், அந்தப் பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார். அறிவொளியின் பாட்டு சாதிச் சுவரைத் தாண்டிக் கேட்டது. சுவர் விழவில்லை.

இதில் நாடகக்காரர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வட்டத்தை எங்கே போடுகிறோம்? ஊர்க் கோயில் முன்னால் பறை அடித்தால் காலனியிலிருந்து வருபவர்கள் தூர நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். காலனியில் போட்டால் ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் போட்டால் ஆண்கள் மட்டும் நிற்பார்கள். இரவு எட்டு மணிக்கு முன்னால் தொடங்கினால் பெண்கள் அடுப்படியிலிருந்து காதால் கேட்பதோடு சரி. நாடகம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பே, எந்த மண்ணில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதில் பாதி அரசியல் முடிந்துவிடுகிறது. அனுபவமுள்ள குழுக்கள் பகலிலேயே போய்ப் பேசி, இரண்டு பக்கத்தாரும் புழங்கும் பொது இடத்தைத் தேடிப் பிடிப்பார்கள். பதினொரு மணி நாடகங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் சொன்ன ஒரு சம்பவம், ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பும் ஒவ்வொரு குழுவும் கேட்டிருக்க வேண்டியது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பாடும் நாடகம் ஒன்றை அவருடைய குழு நாட்டின் வடகிழக்குப் பகுதியில் விவசாயிகள் முன் நடித்தது. நாடகம் முடிந்ததும் ஒரு விவசாயி கண்ணீரோடு வந்து நின்றார். அருமையாகச் சொன்னீர்கள், உங்களிடம் துப்பாக்கியும் இருக்கிறது, எங்கள் தோழனின் நிலத்தைப் பறித்தவனை விரட்டப் போவோம் வாருங்கள், முதலில் சாப்பிடலாம் என்றார். குழுவினர் வெலவெலத்துப்போனார்கள். இவை மரத்துப்பாக்கிகள், நாங்கள் நடிகர்கள் என்றார்கள். அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்ன ரத்தம் எங்களுடையது மட்டும்தானா என்று அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. தாங்கள் செய்யத் தயாரில்லாத ஒன்றை மற்றவருக்குச் சொல்வதில்லை என்று போவால் அதன்பிறகு முடிவெடுத்தார்.

பின்னாளில் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தோடு வேலை செய்தபோது அவருக்கு மாற்றுவழி கிடைத்தது. கணவனிடம் ஏமாந்த பெண் என்ன செய்வது என்று ஒரு நாடகம். பார்வையாளர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு எதுவும் திருப்தியாக இல்லை. நான் சொன்னது இதுவல்ல, இதுவல்ல என்று திரும்பத் திரும்ப மறுத்தார். கடைசியில், நீங்களே வந்து காட்டுங்கள் என்றார்கள். அவர் மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் சாத்தி எடுத்துவிட்டார். அங்கே பிறந்ததுதான் மன்ற அரங்கு என்று நாம் சொல்லும் முறை. நாடகம் ஒருமுறை முழுக்க நடக்கும், மோசமாக முடியும். மறுமுறை நடக்கும்போது யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்துக்குள் வந்து வேறு வழி முயன்று பார்க்கலாம். எதிராளியாக நடிப்பவர் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். மேற்கு வங்கத்தில் 1985-ல் தொடங்கிய சஞ்சய் கங்குலியின் ஜன சம்ஸ்கிருதி குழு, பின்னர் இந்த முறையை ஏற்றுக்கொண்டு சுந்தரவனக் கிராமங்களில் செய்துவருகிறது.

கென்யாவின் காமிரீத்து இன்னும் ஒருபடி மேலே. எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் 1977-ல் அந்தக் கிராமத்து மக்களோடு சேர்ந்து, அவர்களின் கிக்குயூ மொழியில் ஒரு நாடகம் போட்டார்கள். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர், தோட்டக்கூலிகள் முன் பிரதியை வைத்தார். ஒரு கிழவர் இப்படியா பேசுவார் என்று அவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள். ஒத்திகை திறந்தவெளியில் நடந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாம் இயக்குநர்கள். பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மூவாயிரம் பேருக்கு ஒரு மாதம் முழுக்கக் கொடுக்கும் சம்பளம், தாங்கள் ஒரே நாளில் தைத்துக் கொடுக்கும் செருப்பின் மதிப்புதான் என்று கண்டுபிடித்து எழுத்தாளருக்கு விளக்கினார்கள். இரண்டாயிரம் பேர் அமரும் திறந்தவெளி அரங்கை ஊரே கட்டியது.

சில வாரங்களில் அரசு நாடகத்துக்குத் தடை போட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கூகி வா தியாங்கோ கைதானார், ஓராண்டு விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார். 1982-ல் காவல்துறை வந்து அந்த அரங்கைத் தரைமட்டமாக்கியது. கூகி அதற்கு முன்பு ஆங்கிலத்தில் எழுதிய, அரசை விமர்சித்த நாவலுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கில நாவல் படித்தவர் வீட்டு அலமாரியில் இருந்தது. இது தோட்டக்கூலி வாயில் இருந்தது.

நம் அரசுகளுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமையைச் சொன்ன ‘நீல தர்ப்பண்’ வங்காளத்தில் மேடையேறி, அடுத்தடுத்து ஆட்சியைக் கிண்டல் செய்யும் நாடகங்களும் வந்த பிறகு, 1876-ல் ஆங்கிலேயர் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கச் சுதந்திர இந்தியாவுக்கு எழுபது ஆண்டு பிடித்தது. தமிழ்நாட்டில் 1954-ல் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துத் தனியாகவே ஒரு சட்டம் போட்டார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி பெறச் சொன்ன அதன் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்றது. 1989 புத்தாண்டு நாளில் டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தெருநாடகம் நடித்துக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி மாலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். 2015-ல் அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய நாட்டுப்புறப் பாடகர் கோவன் நள்ளிரவில் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். குடியின் தீமையை விளக்கும் கலைநிகழ்ச்சிக்கு அரசே பணம் கொடுக்கிற அதே மாநிலத்தில்தான் இதுவும் நடந்தது. குடிக்கிறவனைத் திட்டலாம், விற்கிறவரைக் கேட்கக் கூடாது.

நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. அரசன் சபைக்கு வரும்போது கட்டியம் கூறுவதும் அவனே, அடுத்த நொடி அரசனையே நக்கல் செய்வதும் அவனே. மகாபாரதத்தின் நடுவே உள்ளூர் ரேஷன் கடையை இழுத்துவிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். துரியோதனனிடம் பேசுவதுபோல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரிடம் பேசுவான். அந்த ஒரு இரவுக்கு அவனுக்கு ஊர் கொடுத்த உரிமை அது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் நின்று வெள்ளையனை எதிர்த்துப் பாடினார். பலமுறை சிறை போனார், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அரங்கம் புனிதமானது, சாதியற்றது என்றெல்லாம் பேசுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

பாரம்பரியம் என்பதற்காகக் கூத்தை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் முடியாது. அதில் சாதி இருக்கிறது, பெண்ணை மட்டம் தட்டும் நகைச்சுவை இருக்கிறது, பெண் வேஷம் கட்ட ஆணே வருகிறான். வெளியில் நின்று இதைக் கண்டிப்பது எளிது. இலங்கையில், மட்டக்களப்பை ஒட்டிய சீலாமுனையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் 2000-களின் தொடக்கத்தில் வேறு வழி பார்த்தார். நகரத்து அறிஞர் கூத்தைத் திருத்தி எழுதி ஊருக்குத் தரவில்லை. கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரும் கூத்தர்களும் ஊராரும் உட்கார்ந்து, தங்கள் கூத்துப் பிரதியைத் தாங்களே கேள்வி கேட்டார்கள். நடிகர்களுக்குப் பாத்திரப் பிரதியைக் கையளிக்கும் ‘சட்டம் கொடுத்தல்’ முதல் அரங்கேற்றம் வரையிலான ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பேச்சு நடந்தது. பெண்ணை இப்படிக் காட்டலாமா, இந்த மேல் கீழ் இருக்க வேண்டுமா என்று அவர்களே விவாதித்து அவர்களே மாற்றினார்கள். போரால் குலைந்துபோன ஓர் ஊர் கூடி உட்கார்ந்து பேசியதே பெரிய விஷயம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். சாவுக்கு அடிக்க ஆண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கருவி, பெண் கையில் மேடைக்கு வந்தபோது வசனமே தேவைப்படவில்லை. கண்ணாடிக் கலைக்குழுவில் திருநங்கையர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். சினிமா அவர்களைக் கேலிப்பொருளாக மட்டும் காட்டிவந்த காலம் அது. சென்னைக் கலைக்குழு, நிஜ நாடக இயக்கம் என்று 1970, 80-களில் எழுந்த அலை தனிக் கட்டுரைக்கு உரியது.

இந்தக் கலைஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். இருவருக்கும் பொழுது எப்போது தீரும் என்ற கவலை. இன்றைய கூத்தாடிக்குக் கூடுதலாக, பில் எப்போது பாஸாகும் என்ற கவலையும் சேர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று ஊர், ஊருக்கு அரை மணி நேரம், முடிந்ததும் ஊராட்சி முத்திரையோடு ஒரு சான்று என்றால், யாருக்கு நின்று பேச நேரம் இருக்கும்? பிரதியும் மேலே இருந்து வருகிறது. சேலத்துக்கும் தேனிக்கும் அதே வசனம். மானியம் கொடுக்கும் தொண்டு நிறுவனங்களும் இதில் அரசுக்குச் சளைத்தவை அல்ல. ஆண்டுக்கொரு தலைப்பு வெளிநாட்டிலிருந்து வரும், குழுக்களும் ஆண்டுக்கொரு நாடகம் மாற்றிக்கொள்ளும். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போனபோது, பின்னாலேயே மாலை வகுப்பும் தன்னார்வலரும் வந்தார்கள். அறிவொளியின் சாயல் அதில் இருந்தது. அது விதிவிலக்கு.

என் யோசனை எளியது. நிகழ்ச்சி எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். முப்பது ஊரில் அரை மணி நேரம் ஆடுவதற்குப் பதில், ஒரு குழு மூன்று ஊரில் பத்து நாள் தங்கட்டும். ஊர்க்காரர்களில் சிலரையாவது நடிகர்களாக்கட்டும். அவர்கள் சொல்லும் பிரச்சினையே நாடகமாகட்டும். அந்த நாடகத்தைக் கிராம சபைக்கு முதல் நாள் இரவில் போடட்டும்.

கிராம சபையை ஏன் இழுக்கிறேன் என்றால், போவாலின் கதையில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. 1993 முதல் 1996 வரை அவர் ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தார். குடிசைப் பகுதிகளில் மன்ற அரங்கு நடத்தி, மக்கள் மேடையேறிச் சொன்னவற்றைச் சட்ட முன்வரைவாக்கினார். அப்படி 13 சட்டங்கள் நிறைவேறின. நகர மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நாம் நகர மன்ற உறுப்பினராகக்கூட ஆக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை, விதிப்படியே, வாக்காளர் எல்லோரும் உட்கார்ந்து தீர்மானம் போடும் சபை இருக்கிறது. அங்கே இப்போது நடப்பது என்ன? செயலர் எழுதி வந்த தீர்மானங்களை வாசிப்பார், வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். போதிய ஆள் சேராத ஊர்களில் வருகைப் பதிவேடு வீட்டுக்கு வீடு நடக்கும்.

முதல் நாள் இரவு மன்ற அரங்கு நடந்தால் எப்படியிருக்கும்? மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊருக்கு ஒரு மணி நேரம், காலனிக்குப் பத்து நிமிடம் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்க் ஆபரேட்டராக ஒருவர், காலிக் குடத்தோடு ஒரு பெண். முதல் ஆட்டத்தில் அவள் தோற்றுத் திரும்புகிறாள். இரண்டாம் ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து கெஞ்சிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. இன்னொருத்தி சண்டை போடுகிறாள், அதுவும் நடக்கவில்லை. மூன்றாமவள் தனியாக வராமல் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் என்று சுவரில் எழுதிப்போடச் சொல்கிறாள். அப்போது ஆபரேட்டராக நடிக்கும் உள்ளூர் இளைஞரே, வால்வு இரண்டு இருந்தால்தான் அது முடியும் என்ற உண்மையைச் சொல்லிவிடக்கூடும். மறுநாள் காலை சபையில், இரண்டாவது வால்வு என்பது ஒரு தீர்மானம். அதை வாசிக்க எழுந்திருக்கும் பெண்ணுக்கு முந்தைய இரவே ஒத்திகை ஆகியிருக்கும்.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டாம். விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கும் பணத்தின் ஒரு பகுதியும், நாடகத்தில் என்ன பேச வேண்டும் என்பதை ஊருக்கு விடுகிற மனசும் இருந்தால் போதும். இரண்டாவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஊராட்சி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடமான கேள்விகள் வரும். அதிகாரி பெயர் அடிபடும். சில இரவுகளில் வாய்ச்சண்டையும் வரலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவைதான் அந்த ஆறு நாட்கள். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் மகளிர் குழுப் பெண்களும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பறை அடிக்கவும் பாடவும் தெரிந்த நான்கு பேர் உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து ஊரில் கட்டாயம் இருப்பார்கள். ஒரு மாதம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள்.